மரத்துப்போன கை

மயக்க மருத்துவர் ஈரப் பஞ்சை என் முழங்கையில் வைத்து, "குளிர்ச்சி தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தார். ஏதோ படுகிறது என்று தெரிந்தது, குளிர்ச்சி இல்லை. இன்னும் கொஞ்சம் போனதும் அவர் பஞ்சை வைத்தாரா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும், அதற்கு முழு மயக்கம் தேவையில்லை, கையை மட்டும் மரத்துப்போக வைத்தால் போதும் என்று சொல்லி, காறை எலும்புக்குச் சற்று மேலே, அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்துப் பார்த்து ஊசி போட்டார்கள். கைக்குப் போகும் நரம்புகள் அங்கே ஒரு கொத்தாகச் சேர்ந்து போகின்றன. அந்தக் கொத்தைச் சுற்றி மருந்தை நிரப்பினால் கை அடங்கிவிடும். முதலில் கைக்குள் வெந்நீர் இறங்குவது போல ஒரு சூடு. அப்புறம் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் கனம், ஈரமணல் மூட்டையைத் தோளில் கட்டித் தொங்கவிட்டது போல. அப்புறம் ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. என் கை நெஞ்சின் மேல் மடங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்தது. முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, விரல்கள் எப்படிச் சற்றே மூடியிருக்கின்றன என்பது வரை சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில்தான் பக்கத்தில் நர்ஸ் ஒரு கையைத் தூக்கிப் பலகை மேல் நீட்டி வைப்பதைப் பார்த்தேன். விரல்கள் தொங்கின, மணிக்கட்டு வீங்கியிருந்தது. யாருடையது என்று ஒரு கணம் உண்மையிலேயே புரியவில்லை.

"சிஸ்டர், அது யார் கை?"

"உங்க கைதாங்க."

மருந்து பூசித் துணி போர்த்துவதற்கு முன்னால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சரி என்றார். இடது கையை நீட்டித் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. ரோமம் இருந்தது, சுண்டு விரல் பக்கத்தில் சின்ன வயசில் பட்ட தழும்பு இருந்தது, எல்லாம் நான் அறிந்தவை. ஆனால் அது என்னைத் திருப்பித் தொடவில்லை. இன்னொருவர் கையைத் தொட்டால் நமக்குத் தெரியாவிட்டாலும் அவருக்காவது தெரியும் அல்லவா, அங்கே ஒருவர் இருக்கிறார் அல்லவா? இங்கே தொடப்பட்டதை அறிய ஆளே இல்லை. பயந்துவிட்டேன். அறுவை சிகிச்சைக்குப் பயப்படவில்லை, இதற்குப் பயந்தேன்.

மெர்லோ போன்ட்டி என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி 1945-இல் வெளியிட்ட நூலில், தனக்கு முன்னால் ஹுஸ்ஸெர்ல் என்ற தத்துவவாதி தொட்ட ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுகிறார். ஒரு கையால் மறு கையைத் தொடும்போது, தொடுகிற கை எது, தொடப்படுகிற கை எது என்பது மாறி மாறி வரும். மேசையைத் தொட்டால் அப்படி மாறாது. உடம்பு மற்றப் பொருள்களைப் போல ஒரு பொருள் இல்லை என்பதற்கு அவருக்கு இது ஒன்றே போதும். வருஷக்கணக்கில் எனக்கு அது புத்தகத்தில் படித்த செய்தியாக மட்டும் இருந்தது. பலகையில் கிடந்த அந்தக் கையைத் தொட்டபோதுதான், இத்தனை வருஷமும் இரண்டு கைகளுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்த ஒரு பேச்சு நின்றுபோனது எனக்குத் தெரிந்தது.

அதுவரை நான் உடம்பை ஒரு வீடாகத்தான் நினைத்திருந்தேன். உள்ளே ஒருவர் குடியிருக்கிறார், காலம் வந்தால் காலி செய்துவிட்டுப் போய்விடுவார். "புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு" என்று வள்ளுவர் கேட்கிறார். உடம்புக்குள் ஒண்டுக்குடித்தனம் இருந்த உயிருக்கு நிலையான வீடு இன்னும் கிடைக்கவில்லையோ என்று. சாவு வீடுகளில் நின்றபோதெல்லாம் இந்தக் குறள் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அவர் இங்கே இல்லை, இது அவர் இருந்த இடம், அவ்வளவுதான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒரு கை மட்டும் காலியாகி மற்றதெல்லாம் குடியிருப்பில் இருக்கும்போது என்ன சொல்வது? உயிர் தோள் வரைக்கும் ஒதுங்கிக்கொண்டதா? அது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதும் படவில்லை.

சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு கூர்மையான வாதம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள். மூன்றாவதில், உயிர் என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதற்குக் காரணங்களை ஒரே மூச்சில் அடுக்குகிறார். அதில் ஒன்று "எனதுடல் என்றலின்". என் உடம்பு என்று சொல்கிறாய் அல்லவா, அப்படியானால் உடையவன் வேறு, உடைமை வேறு. எத்தனை சின்ன இடத்தில் கை வைத்துவிட்டார்! யாரும் மறுக்க முடியாத தினசரிப் பேச்சிலிருந்து கிளம்புகிறார். என் உயிர் என்றும்தானே சொல்கிறோம், அப்போது உயிரையும் உடைய வேறொருவன் உண்டா என்று மடக்கலாம்தான். நானும் கல்லூரி நாட்களில் மடக்கியிருக்கிறேன், ஜெயித்ததாகவும் நினைத்துக்கொண்டேன். இப்போது எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. "என் கை" என்ற சொல் எனக்கு எப்போது தேவைப்பட்டது? அது என் கையாக இல்லாமல் போன நேரத்தில். எழுதும்போது என் கை எழுதுகிறது என்று யாரும் சொல்வதில்லை, நான் எழுதுகிறேன் என்கிறோம். நோய் வந்தால்கூட நம் மொழி உடைமைக்குப் போவதில்லை. எனக்குத் தலை வலிக்கிறது என்கிறோம். தலை வலிக்கிறது, எனக்கு வலிக்கிறது, இரண்டும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, யாருடைய தலை என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மெய்கண்டார் சொன்ன பிளவு உண்மைதான். ஆனால் அது எப்போதும் திறந்திருக்கும் பிளவு இல்லை என்றே நினைக்கிறேன்.

திரைக்கு அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. இழுபடுவது தோளில் தெரிந்தது, வலி இல்லை. படுத்துக்கொண்டே சாக்ரடீஸை நினைத்தேன். கி.மு. 399-இல் அவர் நஞ்சு குடித்த அன்றைக்கு நடந்த பேச்சாக பிளேட்டோ எழுதிய நூல் ஃபீடோ. அதன் கடைசியில், நஞ்சு கொடுத்த ஆள் சாக்ரடீஸின் பாதத்தை அழுத்திப் பிடித்துத் தெரிகிறதா என்று கேட்கிறார். தெரியவில்லை என்கிறார் அவர். பிறகு கெண்டைக்கால், அதற்கும் மேலே. மரத்துப்போவது இதயத்துக்கு வந்ததும் போய்விடுவார் என்று அந்த ஆள் சொல்கிறார். பஞ்சை வைத்துக் குளிர்ச்சி தெரியுதா என்று கேட்ட அதே கேள்வி. ஆன்மா அழியாது என்று பகல் முழுக்கப் பேசிய மனிதர், தன் கால் தன்னை விட்டு மரமாவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார் என்பது என்னை எப்போதும் உலுக்கும்.

அன்றைய பேச்சில் சிம்மியாஸ் என்ற இளைஞர் ஒரு சந்தேகம் கேட்கிறார். யாழில் நரம்புகள் சரியான இழுப்பில் இருக்கும்போது பண் பிறக்கிறது. அந்தப் பண் கண்ணுக்குத் தெரியாதது, தொட முடியாதது, அழகானது. யாழோ மரமும் நரம்பும். அதற்காக யாழ் உடைந்த பிறகும் பண் எங்கோ இருக்கிறது என்று சொல்வோமா? ஆன்மாவும் உடம்பின் பண்ணாக இருந்தால்? இதே கேள்வியை மணிமேகலையில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. சமயக்கணக்கர்களிடம் மணிமேகலை வாதம் கேட்கும் காதையில் பூதவாதி வருகிறார். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் கள்ளின் களிப்புப் பிறப்பது போல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் பறையோசை போல அது கெடுகிறது என்கிறார். அங்கே யாழ், இங்கே பறை. கடல்கள் தாண்டி இரண்டு இடங்களில் இரண்டு பேர் இசைக்கருவியைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். உயிரைப் பற்றிப் பேச ஓசையைவிட நெருக்கமான பொருள் கிடைக்கவில்லை போலும்.

மூன்றாவது கருவியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான தீக நிகாயத்தில் பாயாசி என்ற சிற்றரசர் வருகிறார். உயிர் என்று ஒன்று இருந்தால் அது வெளியே போவதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் அவருக்கு. மரண தண்டனைக் கைதியை உயிரோடு பானைக்குள் வைத்து, வாயை மூடி, களிமண் பூசி அடுப்பில் ஏற்றச் சொல்கிறார். செத்த பிறகு மெல்லத் திறந்து உயிர் பறக்கிறதா என்று பார்க்கிறார், ஒன்றும் பறக்கவில்லை. இன்னொருவனை உயிரோடு நிறுத்தி எடை போடுகிறார், கொன்று மறுபடி போடுகிறார். தோல், சதை, எலும்பு என்று அறுத்தும் தேடியிருக்கிறார். படிக்கும்போது வயிற்றைப் புரட்டும். அவருக்குப் பதில் சொல்கிறவர் குமார கஸ்ஸபர் என்ற பிக்கு. சங்கையே பார்த்திராத ஒரு ஊரில் ஒருவர் சங்கு ஊதிவிட்டுக் கீழே வைக்கிறார். ஊர் சனங்கள் கூடி, சங்கே பேசு, சங்கே பேசு என்று அதைக் கெஞ்சுகிறார்கள், மல்லாக்கப் போடுகிறார்கள், குப்புறப் போடுகிறார்கள், கோலால் தட்டுகிறார்கள். சங்கு பேசவில்லை. ஆளும் முயற்சியும் காற்றும் சேர்ந்தால்தான் சங்கு ஒலிக்கும். அது போல உயிரும் சூடும் உணர்வும் சேர்ந்திருக்கும்போதுதான் இந்த உடம்பு நடக்கிறது, பார்க்கிறது, கேட்கிறது என்கிறார். நிலையான ஆன்மா என்ற ஒன்றை ஏற்காத புத்த நெறியில் வந்தவர் அவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். உள்ளே ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நீ தேடும் விதம் தவறு என்கிறார். ஓசையை அறுத்துத் தேடாதே என்கிறார்.

பாயாசியின் தராசு அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் டங்கன் மக்டூகல் என்ற மருத்துவர், சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றி, 1907-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். முதல் ஆளிடம் முக்கால் அவுன்ஸ் குறைந்ததாகப் பதிந்தார், சுமார் 21 கிராம். மற்றவர்களிடம் அதே அளவு வரவில்லை, பதினைந்து நாய்களிடம் எதுவுமே குறையவில்லை. ஆனாலும் அந்த 21 மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதை நம்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பிரிந்துபோனவர்களுக்கு ஒரு எடையாவது இருக்க வேண்டும் என்ற தவிப்பு அது. ஆனால் ஆன்மாவை நம்பியவரும் நம்பாதவரும் ஒரே தராசைத்தான் எடுத்திருக்கிறார்கள், பாருங்கள். இருந்தால் எடை இருக்கும், போனால் குறையும். உயிரைக் கல்லாக்கிவிட்டுப் பிறகு அதைத் தேடுகிறார்கள்.

அரிஸ்டாட்டில் இந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. கண் என்பது ஒரு தனிப் பிராணியாக இருந்தால் பார்வைதான் அதன் ஆன்மா என்றார் அவர். பார்வை போனால் அது பெயருக்குத்தான் கண், கல்லில் செதுக்கிய கண்ணைப் போல. மெழுகும் அதில் பதிந்த அச்சும் ஒன்றா இரண்டா என்று கேட்பதில் பொருளில்லை, ஆன்மாவும் உடம்பும் அப்படித்தான் என்றார். பலகை மேல் கிடந்ததும் பெயருக்குத்தான் கை. ரத்தம் ஓடியது, சூடு இருந்தது, எடையில் ஒரு குன்றிமணி குறையவில்லை. ஆனாலும் கை இல்லை. தமிழில் இதை மரத்துப்போதல் என்கிறோமே, எவ்வளவு சரியான சொல்! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மரம்தான் கண்முன் வருகிறது.

அறுவை முடிந்து வார்டுக்கு வந்தேன். மருந்து இறங்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். கட்டுப் போட்ட கை தலையணை மேல் கிடந்தது, கட்டை விரல் நுனி வெளியே தெரிந்தது. அசை என்றேன். அசையவில்லை. கண்ணை மூடி முழு கவனத்தோடு சொன்னேன். பல்லைக் கடித்துச் சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இதற்கு முன்னால் எப்படிச் சொல்லி அசைத்தேன் என்பதே எனக்குத் தெரியாது. எந்தப் பொத்தானை அழுத்தினேன்? எந்தச் சொல்லைச் சொன்னேன்? ஆயுள் முழுக்க அந்த விரலை அசைத்திருக்கிறேன், ஒருமுறைகூட அதற்குக் கட்டளை இட்டதில்லை.

1643 மே மாதம், பொஹீமியாவின் இளவரசி எலிசபெத், டெகார்த் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதிக்கு எழுதிய முதல் கடிதத்தில் கேட்டது இதைத்தான். ஆன்மா வெறும் சிந்தனை என்கிறீர்கள், இடத்தை அடைக்காதது என்கிறீர்கள், அது எப்படி உடம்பைத் தள்ளி அசைக்க முடியும்? அவருக்கு அப்போது 24 வயசு. டெகார்த் சுற்றிச் சுற்றிப் பதில் எழுதுகிறார். எலிசபெத் விடவில்லை. பொருள்தன்மை இல்லாத ஒன்று உடம்பை அசைக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட ஆன்மாவுக்கும் பொருள்தன்மை உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம் என்று ஜூனில் எழுதுகிறார். அந்த மாதக் கடைசியில் டெகார்த் எழுதிய பதில் எனக்கு அவர் எழுதியதிலேயே மனசுக்கு நெருக்கமானது. ஆன்மாவும் உடம்பும் கூடியிருப்பதைத் தத்துவ யோசனையால் அறிய முடியாது, அன்றாட வாழ்க்கையிலும் சாதாரணப் பேச்சிலும்தான் அறிய முடியும் என்கிறார். உடம்பையும் ஆன்மாவையும் வெட்டிப் பிரித்தவர் என்று அவரைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1641-இல் வெளிவந்த தியானங்கள் என்ற நூலிலேயே, கப்பலில் மாலுமி இருப்பது போல நான் உடம்பில் இல்லை, கலந்து கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். கப்பலில் ஓட்டை விழுந்தால் மாலுமி பார்த்துத் தெரிந்துகொள்கிறான், எனக்கோ வலிக்கிறது. அந்த மத்தியானம் மட்டும் நான் மாலுமியாக இருந்தேன். என் கையை அவர்கள் அறுத்ததை எனக்குச் செய்தியாகத்தான் தெரியும்.

எலிசபெத் இரண்டு வருஷம் கழித்து இன்னொன்றும் எழுதினார். சில நோய்கள் சிந்திக்கும் சக்தியையே பறித்துவிடுகின்றன, அப்போது அறிவால் வரும் நிம்மதிக்கு எங்கே போவது என்று. காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்து எழுந்தவர் எழுதியது. சிம்மியாஸுக்குப் பதில் சொன்ன சாக்ரடீஸ், பண் நரம்புகளை எதிர்த்து நிற்காது, ஆனால் ஆன்மா உடம்பை எதிர்த்து நிற்கும், தாகம் எடுத்தாலும் குடிக்காமல் இருக்கும், ஆகவே ஆன்மா பண் இல்லை என்றார். நல்ல உடம்போடு படித்தபோது எனக்கு அது அசைக்க முடியாத வாதமாக இருந்தது. நள்ளிரவில் மருந்து இறங்கி வலி ஏறியபோது, எதிர்த்து நிற்க அங்கே நான் என்று தனியாக யாரும் இல்லை. படித்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. வலிதான் இருந்தது, வலிதான் நான்.

இதற்கு நடுவில் எங்கோதான் என் இடம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கிடைத்த சொல் வள்ளுவருடையது: நட்பு. நிலையாமை அதிகாரத்தில், "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" என்கிறார். குடம்பை என்றால் கூடு என்று எல்லோரும் படிப்போம். பரிமேலழகர் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டுக்குப் பறவை திரும்பி வரும், அதனால் அது உவமை ஆகாது, குடம்பை என்பது முட்டை என்கிறார். முட்டைக்குள் திரும்ப முடியாது. நட்பு என்ற சொல்லுக்கும் இங்கே நட்பின்மை என்றே பொருள் என்கிறார். சரி. ஆனால் இதே சொற்களைக் காமத்துப்பாலில் வள்ளுவர் மறுபடி எடுக்கிறார்: "உடம்பொடு உயிரிடை என்னமற் றன்ன மடந்தையொடு எம்மிடை நட்பு". உடம்புக்கும் உயிருக்கும் நடுவில் எப்படியோ அப்படித்தான் எனக்கும் இவளுக்கும் நடுவில் என்று காதலன் சொல்கிறான். ஒரே உறவு. ஓரிடத்தில் பிரிவுக்கு உச்சம், இன்னோரிடத்தில் பிரியாமைக்கு உச்சம். ஒன்றைக் கிண்டலாகவும் மற்றதை மெய்யாகவும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் மெய். போகப்போகிறது என்பதும் மெய், போகும் வரை இரண்டுக்கும் நடுவில் நூல் நுழைய இடமில்லை என்பதும் மெய்.

திருமூலர் அந்த நட்பை மரியாதையாகவே மாற்றிவிட்டார். "உடம்பார் அழியில் உயிரார் அழிவர்" என்கிறார். உடம்பார், உயிரார்! பெரியவர்களைச் சொல்வது போல இரண்டுக்கும் ஆர் விகுதி. உடம்பை முன்னம் இழுக்கென்று நினைத்திருந்தேன் என்று அடுத்த பாட்டில் அவரே சொல்கிறார். காயமே இது பொய்யடா என்று பாடிய ஊரில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். அவர் உடம்பை ஓம்புவது உள்ளே கோயில்கொண்டவனுக்காக. எனக்கு அவ்வளவு நம்பிக்கை வாய்க்கவில்லை. ஆனால் அந்த ஆர் விகுதியை நான் முழுசாக நம்புகிறேன்.

விடியற்காலை ஜன்னல் பக்கம் குளிர்ந்தது. வலி மாத்திரை போட்டு அரைத்தூக்கத்தில் இருந்தேன், எதையும் யோசிக்கவில்லை. போர்வையை இழுத்துக்கொள்ளலாம் என்று எழுந்தால், கட்டை விரல் எனக்கு முன்னாலேயே போர்வையின் ஓரத்தைத் தேடிப் போயிருந்தது.